சல்யூட் யாருக்கு, எப்போது, எப்படி?

2015ஆம் ஆண்டு குடியரசு தினம். டெல்லி ராஜபாதை மேடையில் தேசிய கீதம் ஒலித்தபோது குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி சல்யூட் அடித்தார். பிரதமரும் பாதுகாப்பு அமைச்சரும் கையை உயர்த்தினார்கள். குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி மட்டும் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து நேராக நின்றார். அந்தப் படம் சமூக வலைத்தளங்களில் பரவி, அவருக்கு நாட்டுப்பற்று இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்குப் போனது. அவருடைய அலுவலகம் விளக்கம் கொடுத்தது. தேசிய கீதம் இசைக்கப்படும்போது சல்யூட் செய்ய வேண்டியவர்கள் நிகழ்ச்சியின் முதன்மைப் பிரமுகரும் சீருடையில் இருப்பவர்களும்தான். சாதாரண உடையில் இருப்பவர்கள் அசையாமல் நேராக நிற்க வேண்டும். ஊரே திட்டிய மனிதர், விதிமுறை சொன்னபடிதான் நின்றிருந்தார்.

சல்யூட்டை நாட்டுப்பற்றை அளக்கும் கருவியாக நாம் எடுத்துக்கொள்கிறோம். படைகளுக்குள் அது அன்றாட நடைமுறை. யார் முதலில் கை தூக்க வேண்டும், எந்த நிலையில் தூக்கக் கூடாது, தலையில் தொப்பி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த விதி உண்டு. அந்த விதிகள் நாட்டுக்கு நாடு, ஏன், ஒரே நாட்டில் தரைப்படைக்கும் கடற்படைக்கும்கூட மாறும். அடிப்படையை மட்டும் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவை தாமாகவே தீர்ந்துவிடும்.

இருவர் சேர்ந்து செய்யும் வணக்கம்

தெருவில் பெரியவர் ஒருவரைப் பார்த்தால் இளையவர் முதலில் வணக்கம் சொல்கிறார், பெரியவர் பதிலுக்குக் கை கூப்புகிறார். பெரியவர் கண்டுகொள்ளாமல் போனால் மரியாதை தவறியவர் அவர்தான். சல்யூட்டும் இப்படித்தான் நடக்கிறது. பதவியில் இளையவர் தொடங்கிவைக்கிறார், மூத்தவர் பதில் சல்யூட் அடித்து முடித்துவைக்கிறார். பதில் சொல்வது மூத்தவரின் கடமை. ஒரு ஜெனரலாகவே இருந்தாலும், சிப்பாய் அடித்த சல்யூட்டைப் பார்த்துவிட்டு வெறுமனே நடந்துபோக முடியாது.

அடிமைத்தனத்தின் சின்னம் என்று சல்யூட்டைச் சொல்பவர்கள் இந்தப் பாதியைக் கவனிப்பதில்லை. தொலைக்காட்சியிலும் திரைப்படங்களிலும் கேமரா பெரும்பாலும் சல்யூட் அடிப்பவரையே காட்டும். பதில் சல்யூட் சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

எவ்வளவு நேரம் கையை வைத்திருப்பது என்பதில் இரண்டு மரபுகள் இருக்கின்றன. அமெரிக்கப் படைகளில், மூத்தவர் பதில் சல்யூட் அடிக்கும்வரை இளையவர் கையை இறக்கக் கூடாது. பிரிட்டிஷ் மரபில் வந்த பயிற்சியில் கை மேலே போவதற்கும் நிற்பதற்கும் இறங்குவதற்கும் தாள எண்ணிக்கை உண்டு. இந்தியாவில் என்சிசி மாணவர்கள் 'ஏக், தோ-தீன், ஏக்' என்று எண்ணிப் பழகுவது இதைத்தான். தூரத்துக்கும் கணக்கு இருக்கிறது. எதிரே வரும் அதிகாரி சுமார் ஆறு எட்டு நடக்கும் தொலைவில் இருக்கும்போதே சல்யூட் அடிப்பது அமெரிக்கத் தரைப்படையின் நடைமுறை. கடைசி நொடியில் கையைத் தூக்கினால் பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது.

ஆளுக்கு இல்லை, பதவிக்கு

22 வயது லெப்டினன்ட் ஒருவருக்கு, ஐம்பதை நெருங்கும் சுபேதார் மேஜர் சல்யூட் அடிப்பதைப் பார்த்தால் வெளியாட்களுக்குச் சங்கடமாக இருக்கும். அனுபவத்தில் எங்கோ இருக்கும் மனிதர், மகன் வயதுப் பையனுக்கு ஏன் கை தூக்க வேண்டும்?

அந்த சல்யூட் போய்ச் சேருவது பையனுக்கு அல்ல, அவர் பெற்றிருக்கும் கமிஷனுக்கு. நாட்டின் தலைவர் பெயரால் ஒருவருக்கு அதிகாரி பதவி வழங்கும் அதிகாரபூர்வ ஆணைக்குத்தான் கமிஷன் என்று பெயர். இந்தியாவில் அது குடியரசுத் தலைவரின் பெயரால் வருகிறது, பிரிட்டனில் மன்னரின் பெயரால். தோள்பட்டையில் இருக்கும் நட்சத்திரம் அந்த ஆணையின் அடையாளம். அதை அணிந்திருப்பவரைப் பிடிக்கிறதா, அவர் நல்லவரா, வயதில் சின்னவரா என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

நாயக், ஹவில்தார் போன்றவர்கள் கமிஷன் பெறாதவர்கள் என்பதால் அவர்களுக்கு சிப்பாய்கள் சல்யூட் அடிப்பதில்லை. படங்களில் சிப்பாய்கள் ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்துக்கொள்வது இயக்குநரின் கற்பனை. பிரிட்டிஷ் படையில் கமிஷன் பெறாதவர்களில் உயர்ந்த பதவியான வாரன்ட் ஆபீசரை 'சார்' என்று அழைக்க வேண்டும், ஆனால் அவருக்கு சல்யூட் கிடையாது. அதே பெயருள்ள பதவிக்கு அமெரிக்காவில் சல்யூட் உண்டு. 'சார்' என்று அழைத்தாலே சல்யூட்டும் அடிக்க வேண்டும் என்பது இல்லை. (காவல்துறையின் சல்யூட் விதிகள் தனி. அவற்றை இதனுடன் கலக்க வேண்டாம்.)

சல்யூட்டுக்கும் அன்புக்கும் தொடர்பில்லை என்பதற்கு நல்ல சான்று போர்க் கைதிகள் பற்றிய சட்டம். 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 39ஆம் பிரிவுப்படி, பிடிபட்ட சிப்பாய்கள் தங்களைப் பிடித்துவைத்திருக்கும் நாட்டின் எல்லா அதிகாரிகளுக்கும் சல்யூட் அடிக்க வேண்டும். எதிரி நாட்டு முறையைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. சொந்தப் படையின் விதிப்படியே அடிக்கலாம். பிடிபட்டவர் அதிகாரி என்றால், தன்னைவிட உயர்ந்த பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் சல்யூட் அடித்தால் போதும். முகாமின் தளபதி மட்டும் விதிவிலக்கு. அவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அவருக்கு சல்யூட் உண்டு. நேற்றுவரை சுட்டுக்கொண்டிருந்தவரின் பதவியைக்கூட மதித்து நடக்கச் சொல்கிறது சட்டம்.

பதவி வரிசையைத் தலைகீழாக்கும் வழக்கமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர் சாதாரண சிப்பாயாக இருந்தாலும், ஜெனரல்களே அவருக்கு முதலில் சல்யூட் அடிப்பது மரபு. விதிகளின் கட்டாயத்தைவிட வழக்கத்தின் வலுவால்தான் அது நிற்கிறது.

சுருக்கமாக: இளையவர் தொடங்குகிறார், மூத்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். மரியாதை கமிஷனுக்கு. வயது, திறமை, விருப்பு வெறுப்பு எதுவும் கணக்கில் வராது.

கை எப்படிப் போக வேண்டும்

இந்தியத் தரைப்படையின் சல்யூட் பிரிட்டிஷ் பாணியில் வந்தது. முதலில் சாவ்தான் நிலை: குதிகால்கள் சேர்ந்து, முதுகு நிமிர்ந்து, கைகள் தொடையோடு ஒட்டி, பார்வை நேராக. அங்கிருந்து வலது கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு எழும்புகிறது. பிறகு முழங்கை மடிந்து, ஆள்காட்டி விரலின் நுனி வலது கண்ணுக்குச் சுமார் ஓர் அங்குலம் மேலே வந்து நிற்கிறது. உள்ளங்கை முன்னால் இருப்பவருக்கு முழுவதும் தெரிய வேண்டும். விரல்கள் ஐந்தும் ஒட்டியிருக்க வேண்டும். இறங்கும்போது வட்டமடிக்காமல், உடலை ஒட்டிக் குறுக்கு வழியில் கை கீழே வரும். ஏறும்போது நீண்ட வழி, இறங்கும்போது குறுகிய வழி என்பது பிரிட்டிஷ் பயிற்றுநர்களின் பழைய பாடம்.

புதிதாகப் பழகுபவர்கள் வழக்கமாகச் சில தவறுகளைச் செய்வார்கள். கட்டைவிரல் பிரிந்து நிற்கும். மணிக்கட்டு மடங்கி, கை கொக்கி போல வளையும். முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் இருந்தால்தான் சரி. முழங்கை களைத்துப்போய் முன்பக்கம் சரியும். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, கை தலைக்குப் போவதற்குப் பதிலாகத் தலை கைக்கு வருவது. கழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றுதான் பயிற்றுநர் முதலில் பார்ப்பார். கையை இறக்கும்போது தொடையில் 'பட்' என்று சத்தம் வரும்படி அடிப்பதும் தவறு. படங்களில் அந்தச் சத்தம் கம்பீரமாக இருக்கும்.

இந்தியக் கடற்படையின் சல்யூட்டில் உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. எதிரே நிற்பவருக்கு அது தெரியாது. விமானப்படை 2006 மார்ச் வரை தரைப்படை போலவே உள்ளங்கையை முன்னால் காட்டிவந்தது. அதன் பிறகு உள்ளங்கை தரையை நோக்கிச் சுமார் 45 பாகை சாயும்படி மாற்றிக்கொண்டது. குடியரசு தினத்தன்று முப்படைத் தளபதிகளும் ஒரே வரிசையில் நிற்கும்போது மூன்று கோணங்களையும் ஒரே படத்தில் பார்க்கலாம். யாரோ ஒருவர் தப்பாகச் செய்கிறார் என்று அந்தப் படத்தின் கீழே எழுதுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மூவரும் சரியாகத்தான் செய்கிறார்கள்.

அமெரிக்க முறையில் மேல்கை தரைக்கு இணையாக நிற்கும், விரல் நுனி தொப்பி விளிம்பின் வலப்பக்கத்தைத் தொடும், உள்ளங்கை முன்னால் தெரியாது. போலந்துப் படைகளில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நீண்டிருக்கும், மற்ற விரல்கள் மடங்கியிருக்கும். அந்த நாட்டின் முறையே அதுதான், அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

தொப்பியிலிருந்து வந்த கதை

சல்யூட்டின் தோற்றம் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை ஐரோப்பாவின் இடைக்காலப் போர்வீரர்களுடையது. இரும்புத் தலைக்கவசத்தின் முகமூடியை வலது கையால் உயர்த்தி, 'நான் நண்பன்' என்று முகத்தைக் காட்டினார்களாம். அந்தக் கையசைவே சல்யூட் ஆனதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக்கும் இன்றைய சல்யூட்டுக்கும் நடுவே கண்ணி அறுந்து கிடக்கிறது.

ஆவணத்தில் பிடிபடும் வழி வேறு. ஐரோப்பாவில் மேலோரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவது பொது வழக்கம். சிப்பாய்களும் அதையே செய்தார்கள். படைத் தொப்பிகள் உயரமாகவும் அலங்காரமாகவும் ஆக ஆக, ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது தொல்லையாகிப்போனது, தொப்பியும் பாழாகியது. 1745இல் பிரிட்டனின் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவின் ஆணை, அதிகாரியைக் கடக்கும்போதோ அவருடன் பேசும்போதோ தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்க் குனிந்தால் போதும் என்று சொல்கிறது. கழற்றுவதன் பாதி அசைவு மட்டும் மிஞ்சியது. அதுவே பிறகு இறுகி இன்றைய வடிவத்துக்கு வந்தது.

கடற்படையினர் உள்ளங்கையை மறைப்பதற்கு, கயிறுகளில் பூசும் தார் ஒட்டிய அழுக்குக் கையை அதிகாரியிடம் காட்டாமல் இருப்பதற்காக என்று ஒரு காரணம் சொல்வார்கள். மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கையை முன்னால் நீட்டும் முறையை ரோமானியப் படை சல்யூட் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு சல்யூட் முறை ரோமானியப் படையில் இருந்ததாக ரோமானிய நூல் எதுவும் விவரிக்கவில்லை. அது 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பிறந்து பிறகு மேடை நாடகங்களுக்குப் போன தோரணை. இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் ஜெர்மன் சிப்பாய்கள் எல்லோரும் எப்போதும் கையை நீட்டிக்கொண்டே இருப்பதும் சரியில்லை. 1944 ஜூலையில் ஹிட்லர் மீதான கொலை முயற்சிக்குப் பிறகுதான் அது ஜெர்மன் ராணுவம் முழுவதற்கும் கட்டாயமானது. அதற்கு முன் தொப்பி அணிந்த சிப்பாயின் வழக்கமான சல்யூட், நெற்றிக்குக் கை போகும் பழைய முறைதான்.

தலையில் ஒன்றும் இல்லாவிட்டால்

தொப்பியிலிருந்து பிறந்தது என்பது தெரிந்துவிட்டால், வெறுந்தலைக்கு சல்யூட் இல்லை என்ற விதி வியப்பாக இருக்காது. பிரிட்டனிலும், அதன் மரபில் வந்த இந்தியப் படைகளிலும் தலையணி இல்லாதபோது சல்யூட் அடிப்பதில்லை. நேராக நின்று வாயால் வாழ்த்துச் சொல்வார்கள். தலையணி என்பது சீருடையைச் சேர்ந்த எதுவும்தான். சீக்கிய வீரரின் தலைப்பாகையும் அதில் அடங்கும். காலித் தலைக்குக் கையைக் கொண்டுபோகாதே என்று ரஷ்யப் படையில் கேலியாகச் சொல்வது இந்த விதியைத்தான். போலந்திலும் இதே நடைமுறை.

அமெரிக்காவில் இது துறைக்குத் துறை மாறுகிறது. கடற்படையினரும் மரைன்களும் வெறுந்தலையோடு சல்யூட் அடிப்பதில்லை. தரைப்படையினர் ஓர் அதிகாரியின் அறைக்குள் போய்த் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது தொப்பி இல்லாமலும் அடிப்பார்கள். இருவரும் ஒரே அறையில் நின்றால், ஒருவர் கை உயரும், மற்றவர் கை உயராது. இருவருமே விதிப்படி நடந்தவர்கள்தான்.

பிரிட்டிஷ் தரைப்படையிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. ப்ளூஸ் அண்ட் ராயல்ஸ் என்ற குதிரைப்படைப் பிரிவினருக்கு மட்டும் வெறுந்தலையோடு சல்யூட் அடிக்க உரிமை இருக்கிறது. 1760இல் வார்பர்க் போரில் கிரான்பி பிரபு தொப்பியும் பொய்முடியும் பறந்துபோன நிலையில் குதிரைப்படைத் தாக்குதலை நடத்தி, வழுக்கைத் தலையோடு தன் தளபதிக்கு சல்யூட் செய்தார் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்.

இடது கை சல்யூட் எல்லா இடத்திலும் அவமரியாதையாக இருந்ததில்லை. முதல் உலகப் போர் முடியும்வரை பிரிட்டிஷ் தரைப்படையின் சிப்பாய்கள், எதிரே வரும் அதிகாரிக்குத் தொலைவில் இருக்கும் கையால் சல்யூட் அடித்தார்கள். அதிகாரி வலப்பக்கமாகக் கடந்தால் இடது கை. பழைய புகைப்படங்களில் இடது கை தென்பட்டால் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வலது கை காயப்பட்டோ வேலையில் சிக்கியோ இருந்தால் அமெரிக்கக் கடற்படையில் இன்றும் இடது கை செல்லும்.

சுருக்கமாக: கோணம், தொப்பி, கை மூன்றுமே அந்தந்தப் படையின் விதி. ஒரு படையின் விதியை வைத்து இன்னொரு படையைத் திருத்தப் போனால் தவறாகத்தான் முடியும்.

அணிவகுப்பில் 'தப்பு செய்பவர்'

மேடையைக் கடக்கும்போது படைப்பிரிவின் தலைவர் 'தாஹினே தேக்' என்று கட்டளையிடுகிறார். வலப்பக்கம் பார் என்று பொருள். அவர் மட்டும் சல்யூட் அடிக்கிறார், அல்லது வாளைத் தாழ்த்துகிறார். பின்னால் வருபவர்கள் தலையை மட்டும் வலப்பக்கம் திருப்புகிறார்கள். பிரிவு முழுவதற்கும் சேர்த்துத் தலைவர் ஒருவரே மரியாதை செலுத்துகிறார் என்பதுதான் இங்கே விதி.

உற்றுப் பார்த்தால் மேடைக்கு மிக அருகில், வலது ஓரத்தில் நடப்பவர்கள் மட்டும் தலையைத் திருப்பாமல் நேரே பார்த்துக்கொண்டு போவார்கள். கட்டளை காதில் விழவில்லையோ என்று தோன்றும். வரிசை நேராகப் போவதே அவர்களை வைத்துத்தான். எல்லோரும் பக்கவாட்டில் பார்த்தால், பத்து அடி நடப்பதற்குள் மொத்த வரிசையும் மேடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். யாராவது நேரே பார்த்துத்தான் ஆக வேண்டும், அந்தப் பொறுப்பு வலது ஓரத்துக்கு.

துப்பாக்கி ஏந்தியவர் நெற்றிக்குக் கை கொண்டுபோவதில்லை. 'சலாமி சஸ்த்ர' என்ற கட்டளைக்குத் துப்பாக்கியை உடலுக்கு முன்னால் செங்குத்தாக இரு கையாலும் பிடித்து நிற்பார். அதுவே அவருடைய சல்யூட்.

சல்யூட் அடிக்கக் கூடாத இடங்கள்

போர்முனையில் சல்யூட் கிடையாது. தூரத்தில் பதுங்கியிருக்கும் குறிபார்த்துச் சுடுபவருக்கு, கூட்டத்தில் யார் அதிகாரி என்று கை தூக்கியே காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். போர்க்களத்துக்குப் போகும் படைகள் அதிகாரிகளின் பளபளப்பான பதவிச் சின்னங்களையும் மங்கலாக்கிவிடுவது இதே காரணத்தால்தான். படங்களில் குண்டு மழைக்கு நடுவே விறைப்பாக சல்யூட் அடிக்கும் காட்சியை உண்மையில் செய்தால் அந்த அதிகாரிதான் முதலில் சாவார்.

வண்டி ஓட்டுபவர், வரிசையில் நிற்பவர், குழுவாக வேலை செய்துகொண்டிருப்பவர் ஆகியோரும் சல்யூட் அடிக்கத் தேவையில்லை. வேலைக் குழு என்றால் அதன் பொறுப்பாளர் மட்டும் அடிப்பார். ஓடிக்கொண்டிருப்பவர் நடைக்கு வந்த பிறகே கையைத் தூக்க வேண்டும்.

21 குண்டு, 72 குண்டு

அதிகம் குழம்புவது இங்கேதான். பீரங்கி மரியாதையும் இறுதிச் சடங்கில் துப்பாக்கியால் சுடுவதும் வேறு வேறு.

பீரங்கி மரியாதை பழைய கடற்பயணக் காலத்தது. ஒருமுறை சுட்டால் பீரங்கி காலியாகிவிடும், மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும். துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் தன் பீரங்கிகளை முன்கூட்டியே வெடித்துக் காலி செய்தால், சண்டைக்கு வரவில்லை என்று அர்த்தம். இன்று எண்ணிக்கை பதவியைச் சொல்கிறது. நாட்டின் தலைவருக்கு 21, அரசாங்கத் தலைவருக்கு 19 என்பது பல நாடுகளில் வழக்கம். அமெரிக்காவில் நான்கு நட்சத்திர ஜெனரலுக்கு 17. அதிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டிரண்டாகக் குறையும். பிரிட்டனில் அரச மரியாதை லண்டன் பூங்காக்களில் 41 முழக்கம், லண்டன் கோபுரத்தில் 62 முழக்கம்.

21 முழக்கம் என்றால் 21 பீரங்கிகள் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். டெல்லி குடியரசு தினத்தில் 7 பீரங்கிகள் மாறி மாறிச் சுட்டு 21 ஆக்குகின்றன. முதல் முழக்கம் தேசிய கீதத்தின் தொடக்கத்தில், கடைசி முழக்கம் 52 விநாடி கழித்து அது முடியும்போது. 2023 முதல் இதற்குப் பழைய பிரிட்டிஷ் '25 பவுண்டர்' பீரங்கிகளுக்குப் பதிலாக இந்தியாவில் தயாரான 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் வருகின்றன. சுடுவது வெற்று வெடி. குண்டு எதுவும் வெளியே பாயாது.

இறுதிச் சடங்கில் நடப்பது மூன்று சுற்று மரியாதை. ஓர் அணி, துப்பாக்கிகளை வானை நோக்கித் தூக்கி, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருமுறை சுடுவது ஒரு சுற்று. இப்படி மூன்று. அமெரிக்காவில் அணியில் பெரும்பாலும் 7 பேர் இருப்பதால் மொத்தம் 21 வெடிகள் வரும். அதையே 21 பீரங்கி மரியாதை என்று அங்கேயே பலர் தவறாகச் சொல்கிறார்கள். நம் செய்திகளில் '72 குண்டுகள் முழங்க', '78 குண்டுகள் முழங்க' என்றெல்லாம் வருவதற்கும் இதுதான் கணக்கு: 24 காவலர்கள் மூன்று முறை சுட்டால் 72, 26 பேர் என்றால் 78. அதிக எண் அதிக மரியாதை ஆகாது. அன்று அணியில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. மரியாதையின் அளவு எப்போதும் மூன்று சுற்றுதான்.

சீருடை இல்லாதவர்கள் என்ன செய்வது

2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. கொடியை ஏற்றும்போதும் இறக்கும்போதும், அணிவகுப்பில் அது கடந்து செல்லும்போதும், அங்கிருக்கும் எல்லோரும் கொடியைப் பார்த்து அசையாமல் நேராக நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் உரிய சல்யூட் செய்ய வேண்டும். மரியாதையை ஏற்கும் பிரமுகர் தலையணி இல்லாமலும் ஏற்கலாம். குடியரசுத் தலைவர் படைகளின் தலைமைத் தளபதி என்பதால், அணிவகுப்பு மேடையில் கோட்டு அணிந்தபடி வெறுந்தலையோடு அவர் கையை உயர்த்துவது இந்த விதிவிலக்கில் அடங்கும். பக்கத்தில் நிற்பவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கையைத் தூக்குவது ஆர்வத்தால் நடப்பது, விதி கேட்பதில்லை.

அமெரிக்காவில் தேசிய கீதத்துக்கு நெஞ்சில் கை வைத்து நிற்பது பொதுமக்களின் முறை. ஓய்வுபெற்ற வீரர்களும் சீருடையில் இல்லாத படையினரும் விரும்பினால் ராணுவ சல்யூட் அடிக்கலாம் என்று 2008இல் நிறைவேறிய சட்டங்கள் அனுமதித்தன. அதற்கு முன் அவர்களும் நெஞ்சில்தான் கை வைக்க வேண்டியிருந்தது.

அதிபர்கள் சல்யூட் அடிப்பதும் அங்கே எழுதப்படாத பழக்கம்தான். 1981இல் பதவிக்கு வந்த ரீகன், படைவீரர்களின் சல்யூட்டுக்குப் பதில் சல்யூட் அடிப்பதை வழக்கமாக்கினார், பின்வந்தவர்கள் தொடர்ந்தார்கள். 2014 செப்டம்பரில் ஒபாமா ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும்போது கையில் பிடித்த குவளையோடே மரைன் வீரர்களுக்குப் பதில் சல்யூட் அடித்தார், அதற்குப் பெரிய கண்டனம் எழுந்தது. சீருடையில் இருக்கும் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் கண்டிப்பு நியாயம். அதிபரோ சீருடை அணியாத குடிமகன். அவர் சல்யூட் அடித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தலையசைத்துவிட்டுப் போயிருந்தாலும் போதும்.

வாயிலில் நிற்கும் வீரர் சல்யூட் அடித்தால் சாதாரண உடையில் இருக்கும் எவரும் இதையே செய்யலாம்: ஒரு நொடி நின்று, அவர் கண்ணைப் பார்த்து, தலையசைத்தோ வணக்கம் சொல்லியோ நகரலாம். நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகத் தேவையில்லை. தேசிய கீதம் ஒலித்தால் கைகள் பக்கவாட்டில், குதிகால்கள் சேர்ந்து, 52 விநாடி அசையாமல் நின்றால் சரி.